கீறல் விழுந்த பாகத்தை வாடிக்கையாளரிடம் முதலில் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நானும் என் அண்ணனும் சிங்கப்பூரில், காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய பட்டறை வைத்து, வால்வு ஆம்பிளிஃபயர் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓசையைப் பெருக்கும் கருவி) கட்டித் தருகிறோம். ஆண்டுக்குப் பதினைந்து கட்டுவோம், மிஞ்சிப்போனால் பதினெட்டு. வயரிங், சால்டரிங், அளவெடுப்பது எல்லாம் அண்ணன். வருகிற பாகங்களைப் பார்த்து வாங்குவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, கணக்கு வழக்கு எல்லாம் என் பொறுப்பு.

சென்ற மாதம் வெளிநாட்டிலிருந்து பன்னிரண்டு முன்பேனல்கள் வந்தன. கறுப்பு அனோடைஸ் செய்த, அதாவது மின்வேதி முறையில் மேற்பூச்சு ஏற்றிச் சாயமிட்ட அலுமினியம், 430 மில்லிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் கனம். பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக விளக்கின்கீழ் சாய்த்துப் பார்த்தேன். ஐந்தில் குறை. இரண்டில் வால்யூம் குமிழ் வரும் துளைக்குப் பக்கத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறல். ஒன்றில் மூலை நசுங்கி, கறுப்பு போய் வெள்ளை உலோகம் தெரிந்தது. மற்ற இரண்டில் எழுத்து அச்சு அரை மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது. ஓசைக்கு இவை எதனாலும் ஒரு கெடுதலும் கிடையாது.

இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கறுப்பு மார்க்கர் ஒண்ணு வாங்கித் தடவி விடுங்கக்கா, யார் கண்ணுல படப்போகுது?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கையால் ஒரு பொருளைச் செய்து விற்கிற நம்மில் பலரும் அப்படித்தான் செய்கிறோம். அலமாரி செய்பவர் மெழுகு தேய்த்து மூடுகிறார். துணி தைப்பவர் இழுபட்ட நூலை மடிப்புக்குள் தள்ளுகிறார். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்த மார்க்கரை நானும் ஒருமுறை எடுத்திருக்கிறேன்.

2014இல் நடந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஈசூனில் மூவறை வீட்டில் இருந்தார். நாகசுர இசைத்தட்டுகள் என்றால் அவருக்கு உயிர். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை அப்போது இருந்தது, 2017 ஜூலையில்தான் மூடினார்கள். அங்கே தரையில் விரித்திருந்த கித்தானிலிருந்து பேரம் பேசி வாங்கிய ஒரு டர்ன்டேபிளைத் தானே சரிசெய்து வைத்திருந்தார். அதற்கு ஏற்ற ஆம்பிளிஃபயர் வேண்டும் என்று மாதாமாதம் பணம் சேர்த்து எங்களிடம் வந்தார். பொங்கலுக்குள் வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

பேனல் வந்தது. சுவிட்சுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். திருப்பி அனுப்பினால் மாற்று வர ஆறு வாரம் ஆகும், பொங்கல் போய்விடும். மார்க்கரைத் தடவி, துணியால் ஒற்றி எடுத்தேன். பட்டறை டியூப் லைட்டில் பார்த்தால் கறுப்போடு கறுப்பு. அண்ணனுக்குக்கூடத் தெரியவில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

எட்டு மாதம் கழித்து ஒரு வால்வு மாற்ற அவர் வீட்டுக்குப் போனேன். பிற்பகல் நேரம். சன்னல் வழியாக வெயில் சாய்வாக வந்து பேனல் மேல் விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் என் மார்க்கர் மை ஊதா நிறத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"என்னம்மா, இது நான் போட்ட கோடா, நீங்க போட்ட கோடா?"

உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கோடு இருந்தா என்னம்மா? சந்தையில நான் வாங்குனதுல எல்லாம்தான் கோடு இருக்கு. நாலு மாசமா இது பேரன் வேலைன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். அவனை இது பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அங்கேயே மகளுக்கு ஃபோன் போட்டு, பேரனைக் கூப்பிட்டு, என்னிடம் கொடுத்தார். பத்து வயதுப் பையன். அந்தக் கோட்டைப் போட்டது நான், தாத்தாவிடம் சொல்லாமல் மறைத்ததும் நான் என்று அவனிடம் சொன்னேன். "ஓகே ஆன்ட்டி" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. புதுப் பேனல் வரவழைத்துக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தோம். ஆனால் அந்த நாலு மாதத்தில் அந்தப் பையன் தாத்தாவோடு உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய இசைத்தட்டுகளை நான் எங்கிருந்து மாற்றிக் கொடுப்பது?

குறையை மறைத்தால் நம் பெயர் கெடும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் கண்டது வேறு. நாம் மறைத்த கீறலுக்கு அந்த வீட்டில் யாராவது ஒருவர் பழி ஏற்கிறார். துடைத்த பணிப்பெண்ணாக இருக்கலாம், சாமான் தூக்கிய மருமகனாக இருக்கலாம். பொருள் நம் பட்டறையிலிருந்து அப்படியே வந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து எங்கள் வழக்கம் மாறியது. பாகம் வந்ததும் கட்டத் தொடங்கும் முன் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு விடுகிறேன். வர முடியாதவருக்குப் படம் அனுப்புவேன். குறை நன்றாகத் தெரியும்படி விளக்கைச் சாய்த்து வைத்து ஒரு படம், சாதாரணமாக உட்கார்ந்து பார்க்கும் தூரத்திலிருந்து ஒரு படம். முதல் படத்தை மட்டும் அனுப்பினால் ஒன்றுமில்லாததும் பெரிதாகத் தெரியும், இரண்டாவதை மட்டும் அனுப்பினால் அதுவும் ஒருவித மறைப்பு. இரண்டையும் அனுப்பிவிட்டு மூன்று வழி சொல்வேன்: இதையே போட்டு விலையைக் குறைக்கிறோம், மாற்று வரும்வரை காத்திருங்கள், இரண்டும் பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தருகிறோம். முடிவு அவருடையது. சப்ளையர் எனக்கு எவ்வளவு குறைத்தாரோ அது முழுவதும் அந்தப் பேனலை ஏற்றுக்கொள்பவருக்குப் போகும். அதில் எனக்கு ஒரு காசு வேண்டாம்.

எதைக் குறை என்பது, எதை விட்டுவிடுவது என்பதை நான் கற்றது வேறோர் இடத்தில். தொண்ணூறுகளில் ஒரு ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். அங்கே ஒரு பொருளின் பரப்பை மூன்றாகப் பிரிப்பார்கள். எப்போதும் கண்ணில் படும் முகப்பு ஏ, எப்போதாவது படும் பக்கவாட்டு பி, படவே படாத அடிப்பகுதி சி. பாகத்தைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, சொன்ன வெளிச்சத்தில், சொன்ன விநாடி மட்டும் பார்க்க வேண்டும். அதற்குள் கண்ணில் படாததை ரிஜெக்ட் செய்யக்கூடாது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் உலகத்தில் எந்தப் பாகமும் தேறாது என்று எங்கள் லைன் லீடர் அக்கா சொல்வார். பட்டறையிலும் அதையே வைத்திருக்கிறேன். முகப்பில் கை தூரத்தில் தெரிவதை வாடிக்கையாளரிடம் கட்டாயம் காட்டுவேன். அடித்தட்டில் ஒரு சிராய்ப்பு இருந்தால் ரசீதில் எழுதிவிடுவேன், அதற்காக அவரை வரச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பார்வைக்கு மட்டும்தான் குறை என்று நினைப்பது சில நேரம் அதோடு நிற்பதில்லை. இதை எங்கள் வாடிக்கையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படுகிறேன்.

வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குள் மேல்பக்கம் வெள்ளிக் கண்ணாடிபோல ஒரு பூச்சு இருக்கும். அது பேரியம். உள்ளே மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சுவதற்காக வைத்தது. ஒரு வால்வில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் இருக்கும், வடிவம் கோணலாகவும் இருக்கும். ஜோடி சேரவில்லையே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். நாங்கள் ஜோடி சேர்ப்பது மின்னோட்டத்தை அளந்து. பூச்சின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணாடி அதன் அடிப்பகுதியில் கொஞ்சம் சாய்ந்து ஒட்டியிருப்பதும், மேலே அச்சிட்ட பெயர் விரல் பட்டதும் அழிவதும் அப்படித்தான். வேலை செய்யும்போது சில வால்வுகளின் கண்ணாடியில் நீல ஒளி படரும், அதற்கும் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வெள்ளிப் பூச்சு பால்போல வெளுத்திருந்தால் காற்று உள்ளே போய்விட்டது என்று பொருள். அந்த வால்வு செத்துவிட்டது. பார்க்க அழுக்குப் படிந்த மாதிரிதான் இருக்கும்.

மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கப்பாசிட்டரின் பிளாஸ்டிக் உறை சுருங்கியிருக்கலாம், அது ஒன்றும் செய்யாது. தலைப்பகுதி உப்பியிருந்தால் மாட்டக்கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் தகடுகளின் ஓரத்தில் வார்னிஷ் சொட்டி உறைந்திருக்கும், அது பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். ஆனால் அதே இடத்தில் பொட்டாகத் துரு இருந்தால் நான் விடமாட்டேன். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டுக்கு மேல்தான் சராசரி. குளிர்நாட்டில் பத்து வருடம் பொட்டாகவே இருக்கும் துரு இங்கே பரவிவிடும். பாகங்களைத் தாங்கும் இரும்பு சேசிஸில் பவுடர் கோட்டிங் ஒரு நகக்கண் அளவு பெயர்ந்திருந்தாலும் இதே கதைதான். முகப்பா அடிப்பக்கமா என்று அதற்குப் பார்க்க முடியாது, அன்றைக்கே மூடியாக வேண்டும்.

நேர்மாறாக, நாங்களே வேண்டுமென்று போடும் கீறலும் ஒன்று உண்டு. சேசிஸில் எர்த் வயர் சேரும் போல்ட்டைச் சுற்றி பெயின்ட்டை வெள்ளையாகச் சுரண்டி எடுப்போம். பெயின்ட்டும் சரி, அனோடைஸ் பூச்சும் சரி, மின்சாரத்தைக் கடத்தாது. மேலேயே போல்ட்டை முறுக்கினால் பெயருக்குத்தான் எர்த் இருக்கும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டியில் அந்த வெள்ளை வட்டம்தான் உங்கள் உயிரைக் காப்பது. ஒருவர் அடித்தட்டைக் கழற்றி அதைப் படம் எடுத்து, "புதுச் சாமானில் இப்படியா?" என்று அனுப்பினார். விளக்கினேன், புரிந்துகொண்டார். (தயவுசெய்து யாரும் அடித்தட்டைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.)

நிறம் ஒத்துப்போகாதது இன்னொரு தொல்லை. அனோடைஸ் செய்யும்போது சாயத்தில் எவ்வளவு நேரம் ஊறியது, எந்தக் கலவை அலுமினியம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதியும் ஒரு கறுப்பாக வரும். பேனல் ஒரு கறுப்பு, குமிழ் ஒரு கறுப்பு என்றால் கீறலே இல்லாமல் கண்ணை உறுத்தும். ஒரு பெட்டிக்கான பேனலையும் குமிழையும் சேர்த்து ஒரே தொகுதியில் வாங்குவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நம் பொருள் விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தரம் என்பதில் தோற்றமும் பூச்சும் சிறு குறைகள் இல்லாதிருப்பதும் அடங்கும் என்றே எழுதியிருக்கிறது. "ஓசை நன்றாக இருக்கிறதே" என்று விற்பவர் தப்பிக்க முடியாது. ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு குறையைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டியிருந்தால், பிறகு அந்தக் குறையை வைத்து வாங்கியவர் கேட்க முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. எங்கள் தொழிலில் சிக்கல் இங்கேதான். நாங்கள் முன்பணம் வாங்கிய பிறகுதான் பாகம் வருகிறது. அதாவது ஒப்பந்தம் ஆன பிறகுதான் எனக்கே கீறல் தெரிகிறது. அதனால்தான் மறுபடி அவரிடம் போய்க் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்கிறேன். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டப்படி (குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் சட்டம்), பொருளைக் கொடுத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும், இல்லை என்று காட்டுவது விற்பவர் பாடு. அந்தப் பெரியவர் எட்டாவது மாதத்தில்தான் என்னைக் கேட்டார். அதற்காக நான் போட்ட மை இல்லை என்று ஆகிவிடுமா?

சப்ளையரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சென்ற மாதப் பேனல்களைப் படம் எடுத்து அனுப்பியபோது, "பயன்பாட்டுக்குப் பாதிப்பில்லை, ஏற்கக்கூடிய அளவுதான்" என்று பதில் வந்தது. கோபம் வந்தது. பிறகு நான் அனுப்பிய ஆர்டரை எடுத்துப் படித்தேன். நீளம், கனம், துளை, நிறம் எல்லாம் இருந்தது. எந்தப் பக்கம் முகப்பு, எந்தக் கீறல் ஆகாது, அச்சு எவ்வளவு தள்ளலாம் என்று ஒரு வரி இல்லை. பதினைந்து வருடம் ஏ, பி, சி என்று பார்த்தவள் என் சொந்த ஆர்டரில் அதை எழுதவில்லை. மூலை நசுங்கியது பேக்கிங் கோளாறு, பெட்டியைப் பிரிக்கும்போதே எடுத்த படம் இருந்தது, அதற்கு முழுப் பணமும் வந்தது. மற்ற நான்குக்கும் பேசி 30 விழுக்காடு குறைத்தார்கள். திருப்பி அனுப்பலாம்தான். ஆனால் விமானச் செலவு பேனல் விலையைத் தாண்டும், மாற்று வரும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டி கணக்கையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இப்போது வரைபடத்திலேயே முகப்பைக் குறித்து, கை தூரம், வெளிச்சம், விநாடி எல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒரு பேனலுக்கு நான்கு வெள்ளி (டாலர்) கூடுதலாகக் கேட்டார்கள். சரி என்றேன். ஒவ்வொன்றையும் ஒருவர் எடுத்துப் பார்த்து, தனியாகச் சுற்றி வைக்க வேண்டும், அவருக்கும் சம்பளம் உண்டு.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாங்கள் குறையைக் காட்டினால் உடனே "அப்ப எவ்வளவு குறைப்பீங்க?" என்று தொடங்காதீர்கள். முதலில் நன்றாகப் பாருங்கள். தினமும் அதன் எதிரில் உட்காரப்போவது நீங்கள்தான். உங்களுக்கு உறுத்தும் என்றால் ஐம்பது வெள்ளி தள்ளுபடி அதை ஆற்றாது, காத்திருங்கள். உறுத்தாது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூரோங்கில் வயலின் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மா கீறல் பேனல்களில் ஒன்றைக் கையில் வாங்கி, குமிழை அதன் இடத்தில் வைத்து, மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது போதும்மா, இங்க ஒரு கோடு இருக்குன்னு எனக்குத் தெரியும்ல, அது போதும்" என்றார். வேறொருவர் அதே கீறலைப் பார்த்து, முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு பேரும் சரிதான். அவர் ஏழு வாரம் காத்திருக்கிறார், நாங்களும் அவரோடு காத்திருக்கிறோம்.

அச்சு தள்ளிய ஒன்றை இன்னொருவர் விரும்பி எடுத்துக்கொண்டார். ஆக மூன்று பேனல்கள் பட்டறையில் சும்மா இருக்கின்றன: கீறல் ஒன்று, அச்சு தள்ளியது ஒன்று, மூலை நசுங்கியது ஒன்று. பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ படிக்கும் பிள்ளைகள் யாராவது புராஜெக்டுக்கு ஆம்பிளிஃபயர் கட்டுவதாக இருந்தால் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். சுவிட்ச், செலக்டர், வால்யூம் என்று மூன்று துளை இருக்கிறது. என் தொலைபேசி எண்ணை ஆசிரியருக்குக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் வந்தால் அண்ணனும் இருப்பார், எர்த் போல்ட்டைச் சுற்றி எப்படிச் சுரண்டுவது என்பதைக் காட்டித் தருவார்.

இப்படிக்கு,
சு. மலர்விழி
ஈசூன்